சுருளியம்மாளும் கருகிய புத்தகமும்

போடியில் அந்தத் தெருக்காரர்களுக்குச் சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி என்பதைத் தெரிந்துகொள்ளக் கடிகாரம் வேண்டியிருந்ததில்லை. போடிமெட்டிலிருந்து இறங்கும் ஜீப்பு தெருமுக்கில் வந்து நிற்கும். கோட்டைச்சாமி தலைத்துண்டை உதறிக்கொண்டு இறங்கி வீட்டுக்குள் போவார். கால் மணி நேரம் கழித்து அவர் பெண்டாட்டி சுருளியம்மாளின் சத்தம் வெளியே வரும். பக்கத்து வீட்டுக்காரிகள் முருங்கைக்கீரையையோ சுளகையோ எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வசதியாக உட்கார்ந்துகொள்வார்கள். கொட்டகையில் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதைவிட இது மேல் என்று அவர்களுக்குள் பேச்சு.

சுருளியம்மாள் தேவாரத்தில் பிறந்தவள். மலையிலிருந்து யானை இறங்கி வந்தால் தகரத்தைத் தட்டிச் சோளக்காட்டைக் காப்பாற்றுகிற ஊர். தகரம் அகப்படாத அன்றைக்குச் சுருளியைக் கூட்டிவந்து காட்டோரத்தில் நிறுத்துவார்கள் என்று புருஷனின் கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். கோபக்காரி என்ற பட்டம் அப்படித்தான் அவள் தலையில் ஏறியது. அவளுக்கு ஏன் கோபம் வருகிறது என்று கேட்ட ஆள் ஒருவர்கூட இல்லை. கேட்டிருந்தால் பட்டத்தை யாருக்குச் சூட்ட வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

கோட்டைச்சாமிக்கு மலையில் ஒரு ஏலத் தோட்டத்தின் ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் கடையில்லை, பச்சைக் காயை உலர்த்துகிற அறை. சுவருக்கு வெளியே அடுப்பு எரியும். அந்தச் சூடு பெரிய தகரக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றிவரும். குழாய்க்கு ஆள் உயரத்துக்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பித் தட்டுகள், தட்டு நிறையக் காய். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் பச்சை வெளுத்துப் போகும். அந்த அறையில் கோட்டைச்சாமி ராஜா. கதவைத் திறந்து உள்ளங்கையை நீட்டினாலே எத்தனை கட்டை விறகு வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். பதினெட்டு வருஷத்தில் ஒரு தட்டுக் காயைக் கூட அவர் கெடுத்ததில்லை.

கெடுத்ததெல்லாம் வீட்டில்தான். மலையில் கற்ற சட்டத்தை அப்படியே கீழே கொண்டுவந்து நடத்தியதுதான் அவர் செய்த தப்பு. ஒரு சித்திரையில் சுருளியம்மாள் விடியலில் எழுந்து கூழ் காய்ச்சி, முதுகு ஒடிய ஒரு வேட்டி நிறைய வடகம் பிழிந்து கொல்லையில் காய வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். இவர் வந்து பார்த்திருக்கிறார். வெயிலில் கிடந்தால் நிறம் போய்விடுமே என்று அவர் மனசு பதறியிருக்கிறது. அத்தனையையும் அள்ளிவந்து இருட்டறையில் பரப்பி, ஜன்னலையும் சாத்திவிட்டு, பெண்டாட்டிக்கு உதவி செய்த திருப்தியோடு மலையேறிவிட்டார். மூன்றாம் நாள் வடகத்தில் பச்சை நிறம் பிடித்திருந்தது. பூஞ்சைப் பச்சை.

இன்னொரு முறை, அடுப்படிச் சூடு வீணாகிறது என்று புகைபோக்கியைச் சாக்கு வைத்து அடைத்தார். அன்றைக்குப் பார்த்து விருந்துக்கு வந்திருந்த அவருடைய அக்காள் மூக்கம்மாள், வீடு தீப்பற்றிவிட்டது என்று நினைத்துப் பாதிச் சாப்பாட்டில் இலையோடு தெருவுக்கு ஓடிவந்தாள். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. சுருளியம்மாள் சிரிக்கவில்லை. அடைத்தவர் ஜீப்பு ஏறிப் போய்விடுவார், கரி படிந்த சுவரைத் தேய்ப்பது யார்? காலையில் ஏலக்காய்க் கடைக்குப் போய் மாலைவரை சுளகில் காயைக் கொட்டி, பெருசு தனி, சிறுசு தனி, வெளுத்தது தனி என்று பொறுக்கிவிட்டு வருகிறவள் அவள். அவள் கத்தாமல் தெரு நாயா கத்தும்?

இத்தனைக்கும் அவளும் மலையில் இருந்தவள்தான். கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் ஸ்டோருக்குப் பக்கத்து லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில், குடியிருந்தாள். அறைக்குள் தட்டு ஏற்றி இறக்கியிருக்கிறாள். மகள் பொன்னுமணிக்கு ஐந்து வயதானதும், இங்கே பள்ளிக்கூடம் கிடையாது, நான் கீழே போகிறேன் என்று பெட்டியைக் கட்டினாள். தன்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி ஆட்டுக்குப் பின்னால் அனுப்பிய தகப்பன்மீது இருந்த கோபம், அவர் செத்த பிறகும் அவளுக்குத் தீரவில்லை. தன் மகள் கையில் ஆட்டுக்கம்பு ஏறக் கூடாது. டீச்சர் பிடிக்கிற பிரம்புதான் ஏற வேண்டும். அவள் சாமியிடம் வேறு எதுவும் கேட்டதில்லை.

மூக்கம்மாள் கேட்டது வேறு. பொட்டிபுரத்தில் அவளுக்குத் தோட்டம், கிணறு, இரண்டு ஜோடி மாடு, சீனிச்சாமி என்று ஒரே மகன். பொன்னுமணி சடங்கான அன்றைக்கே, இது என் வீட்டுக்கு வர வேண்டிய பிள்ளை என்று பந்தலில் நின்று சொல்லிவிட்டாள். அத்தை மகன் முறை, தட்டிப் பேச ஒன்றுமில்லை என்று சொந்தம் முழுவதும் தலையாட்டியது. கோட்டைச்சாமியும் ஆட்டினார். தாயில்லாப் பிள்ளையாக அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் மூக்கம்மாள். அக்காள் முன்னால் அவருக்கு வேறு விதமாகத் தலை ஆடாது. படிப்பு முடியட்டும் பார்க்கலாம் என்று சுருளியம்மாள் மட்டும் சொல்லி வைத்தாள்.

எழுபத்தேழில் பொன்னுமணி பதினொன்றாம் வகுப்புத் தேறினாள். கணக்கில் பள்ளிக்கே முதல். மதுரையில் பெண்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து அட்டை வந்தது. ஆவணியில் ஒரு திங்கட்கிழமை நேரில் வர வேண்டும், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும். பிறந்த தேதி, மதிப்பெண், தலைமையாசிரியர் கையெழுத்து எல்லாம் அந்த ஒரு புத்தகத்தில்தான். அது கெட்டால் புதிதாக வாங்க மாதக் கணக்கில் ஆகும், அந்த வருஷம் போய்விடும். அடுத்த வருஷம்வரை மூக்கம்மாள் காத்திருக்க மாட்டாள். சுருளியம்மாள் புத்தகத்தைச் சேலைக்குள் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அட்டையில் சொன்ன நாளுக்கு ஒன்பது நாள் முந்தி, சனிக்கிழமை, கோட்டைச்சாமி கூரை மேல் ஏறினார். ஒரு ஓடு விலகியிருந்தது. அதைச் சரிசெய்யப் போய் நாலு ஓட்டை மிதித்து உடைத்தார். வழக்கம்போல் சத்தம், வழக்கம்போல் வாசலில் கூட்டம். உடைந்த இடத்தில் பழைய சாக்கைப் போட்டு மூடிவிட்டு இறங்கினார். மறுநாள் விடியற்காலை மலைப்பக்கத்திலிருந்து அடித்த சாரலில் சாக்கு நனைந்து ஒழுகியது. நேர் கீழே டிரங்குப் பெட்டி. துருப்பிடித்த மூடி வழியாக இறங்கிய தண்ணீரில் சேலை நனைந்து, அதற்குள்ளிருந்த புத்தகமும் ஊறிப்போயிருந்தது.

அன்று சுருளியம்மாள் கத்திய கத்தலில் தெருக்காரிகளே கொஞ்சம் பயந்தார்கள். எழுத்து அழிந்திருக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் தாளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது, வானத்தில் வெயிலுக்கு அறிகுறியே இல்லை. அடுப்புப் பக்கம் கொண்டுபோகவும் பயம். அப்போதுதான் கோட்டைச்சாமி வாயைத் திறந்தார்.

"ஸ்டோர்ல மேல் தட்டுல ஒரு நாள் வெச்சா போதும். ஏலக்காயவே நிறம் மாறாம எடுக்குறேன், காயிதத்த எடுக்க மாட்டனா? குடு, சனிக்கிழம கொண்டாறேன்."

சுருளியம்மாள் யோசித்தாள். வீட்டில் அந்த மனுஷன் தொட்டது எதுவும் துலங்கியதில்லை. ஆனால் ஸ்டோருக்குள் அவர் கை தவறி அவள் பார்த்ததும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் புருஷன்மீது அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. புத்தகத்தை அவளே ஒரு துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

சனிக்கிழமை ஜீப்பு வந்தது. கோட்டைச்சாமி செய்தித்தாளில் பொதிந்திருந்ததை நீட்டி, சூடு கொஞ்சம் கூடிவிட்டது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பொன்னுமணி பிரித்தாள். நடுப்பக்கங்களில் கருப்பும் பழுப்புமாகத் தீய்ந்திருந்தது. கணக்கு மதிப்பெண் இருந்த இடத்தில் விரல் பட்டதும் தாள் உதிர்ந்தது. அவள் தகப்பனைப் போல வாயில்லாப் பிள்ளை. செருப்பை மாட்டிக்கொண்டு தலைமையாசிரியர் வீட்டுக்கு ஓடினாள்.

செய்தி தெருவில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? வடகத்துக்குப் பூஞ்சை, புத்தகத்துக்குக் கருகலா என்று ஒருத்தி ஆரம்பித்தாள். கோட்டைச்சாமி கை வைத்தால் அரசாங்கக் காகிதமே தாங்காது என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு அடங்குவதற்குள் பொட்டிபுரத்திலிருந்து மூக்கம்மாள் வந்து இறங்கினாள். கையில் தாம்பாளம், அதில் பூ, பழம், தேங்காய். விஷயத்தைக் கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினாள். படிப்பு அவள் தலையில் எழுதவில்லை, நாம் என்ன செய்ய முடியும், அடுத்த முகூர்த்தத்திலேயே காரியத்தை முடித்துவிடலாம் என்று தாம்பாளத்தை நடுவீட்டில் வைத்தாள்.

சுருளியம்மாள் நாத்தனாருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எதையாவது காப்பாற்ற முடியுமா என்று ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஓரமெல்லாம் வெள்ளையாக இருந்தது. நடுவில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு, மேலிருந்து கீழே நேர்கோடாகக் கருகல். அட்டையின் முதுகு வளைந்திருந்தது.

தட்டில் வைத்த காகிதம் அப்படிக் கருகாது. மேல் தட்டில் சூடு கூடினால் தாள் முழுவதும் ஒரே சீராகப் பழுக்கும். வளைந்த ஒன்றின்மேல் விரித்துக் கவிழ்த்து வைத்தால்தான் பட்ட இடம் மட்டும் தீயும். அறையில் வளைந்தது குழாய் ஒன்றுதான். தட்டிலிருந்து தவறி விழுந்தால் இப்படி விரிந்து, நடுமுதுகில் சவாரி ஏறி உட்காராது. பச்சைப்பிள்ளைக்குத் தெரியும், குழாயில் கை வைத்தால் சுடும் என்று. பதினெட்டு வருஷம் அதோடு வாழ்ந்த மனுஷனுக்குத் தெரியாதா?

சுருளியம்மாள் புத்தகத்தோடு கொல்லைக்குப் போனாள். அங்கே விறகுக் கட்டையை அடுக்குகிற மாதிரி நின்றிருந்தார் கோட்டைச்சாமி. அவர் முகத்துக்கு நேராகப் புத்தகத்தைப் பிடித்தாள்.

"தட்டுல வெச்சா இப்படியா கருகும்? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளா? குழாய் மேல வெச்சிருக்கீக. வேணும்னே வெச்சிருக்கீக."

அவர் கட்டையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அவள் போட்ட சத்தம் கொல்லையைத் தாண்டி, வீட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. துரோகி என்றாள். பெத்த பிள்ளை கழுத்தில் கத்தி வைத்த பாவி என்றாள். வாசலில் இருந்தவர்கள் கீரையை ஆய்ந்துகொண்டே சிரித்தார்கள். இன்றைக்குக் கொஞ்சம் தூக்கல்தான் என்று ஒருத்தி சொன்னது அவள் காதில் நன்றாக விழுந்தது. மூக்கம்மாளும் உள்ளேயிருந்து, அவன் என்றைக்குத்தான் ஒழுங்காக ஒரு வேலை செய்தான், விடு என்றாள்.

அங்கேதான் சுருளியம்மாள் வாயை மூடினாள். பதினெட்டு வருஷமாக ஓட்டுக்கும் வடகத்துக்கும் புகைக்கும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். உண்மையாகவே வீடு எரிகிற அன்றைக்குக் கத்தினால் அது வேடிக்கையாகப் போகிறது. அந்த மனுஷன் இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறாரோ? தன் அசட்டுத்தனத்துக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொண்டிருக்கிறார். அவரைவிட அதிகமாக அவள் தன்மேலேயே கோபப்பட்டாள். புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்த கை அவளுடையது.

நடுவீட்டுக்குப் போய்த் தாம்பாளத்தை எடுத்தாள். பூ வாடாமல் இருந்தது. அதை அப்படியே மூக்கம்மாள் மடியில் வைத்தாள்.

"கடைசி பஸ்சுக்கு நேரமாச்சு மதினி. வெரசா கெளம்புங்க."

மூக்கம்மாள் தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி கொல்லையிலிருந்து வரவில்லை. தாம்பாளத்தை இடுக்கிக்கொண்டு, இனி இந்த வாசலை மிதித்தால் என்னைக் கேள் என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியர் பள்ளி அலுவலகத்தைத் திறந்து பதிவேட்டைப் பார்த்து, மதிப்பெண்ணையும் பிறந்த தேதியையும் தனித்தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். ஏற்பார்களா என்று அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை, எப்படிக் கருகியது என்று கட்டாயம் கேட்பார்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் சுருளியம்மாள் புருஷனிடம், மதுரைக்கு நீங்களும் வருகிறீர்கள் என்றாள். முதல் எடுப்புக் காய் ஸ்டோரில் கிடக்கிறது, நான் இல்லாவிட்டால் கருகிவிடும் என்று அவர் மெல்ல இழுத்தார்.

"கருகட்டும்," என்றாள்.

மகளிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் இன்னொரு அசட்டு வேலை என்றுதான் பொன்னுமணி நினைத்திருந்தாள். அந்தப் பொய்யோடு அவள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தாய்க்குத் தோன்றியது. புருஷனுக்காக இல்லை, பிள்ளைக்காக. திங்கட்கிழமை முதல் பஸ்சில் மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். தேனி போய், ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியும் கோட்டைச்சாமியின் உதடு அசைந்துகொண்டே வந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்க்கிறார் என்று சுருளியம்மாளுக்குப் புரிந்தது. கை தவறிவிட்டது, சூடு கூடிவிட்டது. சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பயிற்சிப் பள்ளியில் மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைப் பிரித்தார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், தலைமையாசிரியர் தாளை இரண்டு முறை படித்தார். பொன்னுமணியிடம் கணக்கில் நாலு கேள்வி கேட்டார். அவள் மூச்சுவிடாமல் பதில் சொன்னாள். பிறகு அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இது எப்படிக் கருகியது, அரசாங்கப் புத்தகத்தை இந்த நிலையில் வாங்கிக்கொண்டால் நான் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும் என்றார்.

"அவரக் கேளுங்க," என்றாள் சுருளியம்மாள்.

கோட்டைச்சாமி எழுந்து நின்றார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஒத்திகை பார்த்த வாயிலிருந்து அது வரவில்லை.

"கை தவறலைங்கம்மா. நான்தேன் குழாய் மேல விரிச்சு வெச்சேன். எங்க அக்காவுக்கு வாக்குக் குடுத்திட்டேன். புள்ளைய அனுப்ப வேணாம்னு இவகிட்டச் சொல்ற தெம்பு எனக்கில்ல."

அறையில் இருந்த குமாஸ்தா எழுதுவதை நிறுத்தினார். சுருளியம்மாளுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. தன் சத்தத்துக்குப் பயந்தா இந்த மனுஷன் பிள்ளையின் எதிர்காலத்தைக் கொளுத்தினார்? எதிரே நின்று ஒரு முறை வேண்டாம் என்றிருந்தால் சண்டை போட்டிருப்பாள், ஜெயித்திருப்பாள், அன்றைக்கே அது முடிந்திருக்கும். அவளுக்கு இன்னும் கோபம் ஏறியது. அந்தக் கோபத்தில் பாதி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது முதல்முறையாக அவளுக்குத் தெரியவில்லை.

கண்ணாடி அம்மா புத்தகத்தை மறுபடி பிரித்துக் கருகிய இடத்தைப் பார்த்தார். பிறகு தாளில் ஏதோ எழுதி, இடம் தருகிறேன், புதுப் புத்தகத்துக்கு நீங்களே எழுதிப் போட வேண்டும் என்றார். விண்ணப்பத்தைத் திருப்பி மேசை ஓரத்தில் வைத்தார். பிள்ளையைச் சேர்ப்பதில் சம்மதம், தகப்பனார் அல்லது காப்பாளர் இங்கே கையெழுத்திட வேண்டும். கோட்டைச்சாமி வேகமாகக் கையை நீட்டிப் பேனாவை எடுத்தார். அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற அவசரம் அவர் கையில் தெரிந்தது.

பொன்னுமணி விண்ணப்பத்தின் மேல் கையை வைத்தாள்.

"அப்பா போட வேணாம் டீச்சர். எங்க அம்மா போடும்."

சத்தம் பெரிதில்லை. ஆனால் அதில் இருந்த சூடு சுருளியம்மாளுக்குத் தெரிந்த சூடு. தேவாரத்திலிருந்து அவள் கொண்டுவந்தது. கோட்டைச்சாமி பேனாவைப் பிடித்தபடியே நின்றார். அவர் முகத்தைப் பார்க்கவே கூடாது என்றிருந்தவள் பார்த்துவிட்டாள். மனசு கொஞ்சம் இளகியது. இதற்குள் என்ன இளக்கம் என்று தன்னையே வைதுகொண்டு, அவர் விரல்களிலிருந்து பேனாவை உருவினாள்.

ஐந்தாம் வகுப்பில் நின்றுபோன கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாக, கோணாமல், சுருளியம்மாள் என்று எழுதி முடித்துத் தாளை நகர்த்தினாள். கண்ணாடி அம்மா பார்த்துவிட்டு, பெயருக்கு முன்னால் வீட்டுக்காரரின் முதலெழுத்தைப் போடவில்லையே என்றார்.

"இது போதுங்கம்மா," என்றாள் சுருளியம்மாள்.